முகப்பு மட்டும் துடைத்த ரேடியோ

மகனே,

வகுப்புக்குள் நுழைந்ததும், அன்றைக்குச் சொல்லப்போவதைக் கரும்பலகையின் இடது ஓரத்தில் எண்ணிட்டு எழுதிய பிறகுதான் நான் பாடத்தைத் தொடங்குவேன். எழுதாவிட்டால் நடுவில் எதையாவது விட்டுவிடுவேன் என்று பயம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பயம் போகவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தில் இருப்பவற்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

1. உன் புது வீட்டுக்கு எங்களை அழைத்ததற்குப் பதிலைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்பது.
2. பழைய கார் ரேடியோக்களின் முகப்பைத் துப்புரவு செய்ய நாம் கைக்கொண்ட முறையும், அதில் நீ கைவிட்டவையும்.
3. உன் கல்யாணக் காரில் நான் திருப்பிப் பார்த்த குமிழ்.
4. நிச்சயதார்த்தத்துக்கு முந்திய நாள் உன் அம்மாவை நெய்யூருக்கு அனுப்பிவைத்தது உன் முடிவு என்பது.
5. நாங்கள் வரப்போவதில்லை என்பது.

மூன்றாவதும் நான்காவதும் நடந்த வரிசையில் இல்லை. நிச்சயதார்த்தம் முந்தி, கல்யாணம் பிந்தி. சொல்வதற்கு எளிதாக இருப்பதை முன்னால் வைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்.

நீ போனில் பேசும்போது நான் யோசிப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறாய். போன வாரம் பேசியதும் அப்படித்தான். நாகர்கோவிலில் உன் மாமனார் கொடுத்த மனையில் வீடு முடியப்போகிறது, பால் காய்ச்சியதும் நாங்கள் இருவரும் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்துவிட வேண்டும் என்றாய். நான் "பாக்கலாம்" என்றேன். நீ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, பின்பக்க அறையின் தரைக்கு எந்த நிறத்தில் ஓடு பதிக்கலாம் என்று கேட்கத் தொடங்கிவிட்டாய். அப்போது நீ சொன்ன ஒன்று எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அம்மைக்கு வசதியா பின்பக்கம் ரூம் போட்டிருக்கேன்ப்பா. தனி வாசல் உண்டு. வீட்டுக்கு ஆரு வந்தாலும் போனாலும் அவளுக்குத் தொந்தரவில்ல." போனை வைத்த பிறகு அந்தத் தனி வாசலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பாய். நான் வயதானவன், எதையும் கோணலாகப் பார்க்கிறேன் என்று நீ சொன்னால் மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனாலும் தொந்தரவு அவளுக்கா, வருகிறவர்களுக்கா என்ற கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் என்னை யாரும் அவசரப்படுத்த முடியாது.

இரண்டாவதற்கு வருகிறேன். 2004-இல் நான் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றேன். அதற்குச் சில வருடம் கழித்து வளைகுடா வேலையை விட்டு நீ திரும்பி வந்தபோது, உன் பெட்டிகளில் ஒன்றில் துணிமணிக்குப் பதில் பழைய கார் ரேடியோக்கள் இருந்தன. அங்கே நீ வேலை பார்த்த ஒர்க் ஷாப்பில், பழைய கார்களிலிருந்து கழற்றி ஒதுக்கியவை. கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் பழைய கார் வைத்திருப்பவர்கள் இவற்றைத் தேடி அலைகிறார்கள், ஆனால் இந்தக் கோலத்தில் ஒருவரும் தொடமாட்டார்கள், நீங்கள்தான் பொறுமையாகத் துடைத்துத் தர வேண்டும் என்றாய். நாற்பது பேர் முன்னால் நின்று ரசாயனம் சொல்லிக்கொடுத்த எனக்கு, ஓய்வுக்குப் பிறகு முதல் முறையாக ஒருவன் வந்து 'நீங்கள்தான்' என்று சொன்னது அன்றுதான். சந்தோஷமாக இருந்தது. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மேசையைப் போட்டோம், உன் அம்மா அதன்மேல் என்னுடைய பழைய வேட்டி ஒன்றை விரித்துத் தந்தாள்.

ரேடியோ மேசைக்கு வந்ததும் துடைக்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் குமிழ்கள், நடுவில் தந்த நிறத்தில் அழுத்தும் பொத்தான்கள், அவற்றைச் சுற்றிக் குரோமியப் பூச்சுள்ள சட்டம், மேலே அலைவரிசை எண்கள் எழுதிய கண்ணாடி, அதற்குப் பின்னால் சிவப்பு முள். கழற்றும் வரிசையிலேயே துணியில் இடமிருந்து வலமாக வைக்க வேண்டும். திருகாணிகளை மருந்து பாட்டில் மூடிகளில் தனித்தனியாகப் போட வேண்டும். தண்ணீர் படுவதற்கு முன் உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட வேண்டும். ஈரம் பட்டால் தூசி சேறாகும், சேறு கீறும். குமிழின் வரிப்பள்ளங்களில், அதைத் திருப்பிய விரல்களின் அழுக்கு மெழுகு மாதிரி படிந்திருக்கும். அதற்கு இளஞ்சூட்டில் சோப்பு நீரும் பல் துலக்கும் பிரஷ்ஷும், பிறகு தென்னை ஈர்க்கிலும் போதும். ஊசி கூடாது. உள்ளே சின்ன இரும்புச் சுருள் இருப்பதால் ஊறப்போடவும் கூடாது. குரோமியத்தில் துருப்புள்ளி இருந்தால், ஈயத்தாள் என்று நாம் சொல்லும் அலுமினியத்தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்க்க வேண்டும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. துருவை எடுக்கும், பூச்சைக் கீறாது. கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டிகளின் ரேடியோ என்றால் செம்பு உள்ள இடமெல்லாம் பச்சை பிடித்திருக்கும். அதற்கு வேறு பக்குவம். எல்லாவற்றையும்விட முக்கியமானது கண்ணாடி. எண்கள் அதன் பின்பக்கத்தில் சாயத்தால் எழுதப்பட்டவை. முன்பக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் துடைக்கலாம். பின்பக்கத்தில் ஈரத் துணி பட்டால் ஊர்ப் பெயரும் எண்ணும் துணியோடு வந்துவிடும். பஞ்சால் தொட்டும் தொடாமலும் தூசியை எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உதிர்ந்துபோன எழுத்தைத் திரும்ப எழுதியது உன் அம்மா. நீ அதை யாரிடமும் சொன்னதில்லை. உன் வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் அது என் வேலை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரவிக்கைகளுக்குப் பூத்தையல் போட்ட கை அது. ஒற்றை மயிர் பிரஷ்ஷில் வெள்ளைச் சாயத்தைத் தொட்டு, கண்ணாடியைத் திருப்பி வைத்து, எண்களை இடவலம் மாற்றி எழுதுவாள். எனக்கு முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால்கூடக் குழம்பும், அவளுக்குக் குழம்பியதில்லை. சாமி சிலைக்குப் பதில் நிலைக்கண்ணாடி வைத்திருக்கும் நம் தாங்கலில் அதன் முன்னால் நின்று கும்பிட்டு வளர்ந்தவளுக்கு இடமும் வலமும் மாறுவது பெரிய காரியமா என்று கேட்பாள். ஒருநாள் நாம் இருவரும் ஒரு சட்டத்தைப் பிடித்து மாறி மாறித் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இதுக்கென்ன, பொண்ணு பாக்க ஆள் வருதா? இந்தச் சிங்காரம் எனக்கு ஒருநாளும் ஒருத்தரும் செய்யல்லியே" என்றாள். நீ சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த குமிழைக் கீழே போட்டாய். அதைத் தேடிக்கொண்டு மூன்று பேரும் மேசைக்கடியில் தவழ்ந்தோம். நம் வீட்டில் நான் சந்தோஷமாக இருந்த நாட்களை எண்ணினால் அவற்றில் பாதி அந்த மேசையைச் சுற்றித்தான் இருக்கும்.

நாம் வைத்திருந்த விதி ஒன்றுதான். அழுக்கை எடுக்கலாம், வயதை எடுக்கக் கூடாது. குரோமியம் உரிந்துபோன இடத்தில் அது திரும்ப வராது. வந்ததுபோலக் காட்டக் கூடாது. மஞ்சளாகிப்போன பொத்தானைப் பெராக்சைடில் போட்டு வெயிலில் வைத்தால் வெளுக்கும், ஆனால் சுண்ணாம்பு மாதிரி பொரிந்து, கொஞ்ச நாளில் நொறுங்கும். இதையெல்லாம் நீ தலையாட்டிக் கேட்டாய். பிறகு ஒருநாள் வெள்ளி நிற ஸ்ப்ரே டப்பாவோடு வந்தாய். உரிந்த இடத்திலெல்லாம் அடித்தாய். பொத்தான்களை வெளுத்தாய். 'பெட்டி பிரிக்காத பழைய சரக்கு' என்று சொல்லி அனுப்பத் தொடங்கினாய். நான் தயங்கித் தயங்கி அது பொய் அல்லவா என்றபோது, இது காலேஜ் இல்லையப்பா என்றாய். நான் அடுத்த சட்டத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு உள்ளுறுப்புகளின் முறை வந்தது. வால்வு ரேடியோவின் உள்ளே இருப்பது தனி உலகம். அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியாது, ஆனால் செய்யக்கூடியவர்கள் தக்கலையில் இருந்தார்கள். சூடேறி, மெல்ல முனகி, இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வருவதைக் கேட்பதற்காகவாவது ஒன்றைச் சரிசெய்து பார்க்கலாம் என்று உன்னிடம் கேட்டேன். நீ திருப்புளியை எடுத்து உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றிச் சாக்கில் போட்டாய். அப்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முகப்பு போதும்ப்பா. உள்ள ஆரு பாக்கப்போறா?" அதுவரை உன்னைப் பற்றி எனக்கு வருத்தங்கள் உண்டு, பயம் இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் உன் அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் தெரிந்தது கண்ணாடியில். ஏழு என்ற எண்ணின் மேல்கோடு, நீரில் தெரிகிற கம்பிபோல வளைந்திருந்தது. அவள் கீழே போன பிறகு நான் அதைச் சுரண்டிவிட்டு என் கையால் எழுதினேன். அவளுக்கு வருத்தம் வேண்டாமே என்றுதான் செய்தேன். பல நாள் அப்படிச் செய்தேன். ஒரு காலையில் அவள் கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிரஷ்ஷைக் கழுவி, துடைத்து, என் பக்கமாக நீட்டினாள். "இனி நீங்களே எழுதுங்க. உங்களுக்குத்தான் நல்லா வருதுல்லா" என்றாள். பிறகு மேசைப் பக்கம் வரவேயில்லை. நெய்யூரில் டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி, இது போகாது, கூடுவதைத் தள்ளிப்போடலாம் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, இடது கையால் வலது கையை மடியில் அமுக்கிப் பிடித்திருந்தாள். அதை நீ பார்க்கவில்லை, உனக்கு அன்று கோயம்புத்தூரில் வேலை.

இப்போது மூன்றாவது. உன் மாமனாரை நமக்குத் தெரிய வந்ததே ரேடியோவால்தான். பழைய கார்களைப் பளபளப்பாக்கிக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். உன்னிடம் முகப்புகள் வாங்கினார். பிறகு உன்னையே பிடித்துப்போயிற்று. நல்ல மனிதர். பேராசிரியர் என்று என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுவார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து வட்டக்கோட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது, பூச்சரம் தொங்கிய அவருடைய கறுப்புக் காரின் முன் இருக்கையில் என்னையும் ஏற்றிக்கொண்டார். எதிரே நான் துடைத்த முகப்பு. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. பழைய பாட்டொன்று ஓடிக்கொண்டிருந்தது, ஒரு இரைச்சலும் இல்லாமல். கடற்காற்றில் அந்தப் பாட்டுக்கு ஏதோ குறை இருப்பதாகத் தோன்றியது. என்னவென்று தெரியாமல் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று இடது குமிழைத் திருப்பினேன். அது எங்கும் நிற்காமல் வெறுமனே சுற்றியது. வலது குமிழையும் திருப்பினேன். சிவப்பு முள் அசையவில்லை. உன் மாமனார் சிரித்துவிட்டு, "அது சும்மா அழகுக்காக்கும் சார். பாட்டு இஞ்ச இருக்கு" என்று என் முழங்காலுக்கு எதிரே டாஷ்போர்டில் இருந்த சின்ன அறையைத் திறந்து காட்டினார். அதற்குள் ஒரு சின்னக் கருவியில் பென் டிரைவ் செருகியிருந்தது. மருமகன் ஐடியா என்று பெருமையாகச் சொன்னார். பின்னால் நீயும் உன் மனைவியும் மாலையோடு உட்கார்ந்திருந்தீர்கள். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு ரேடியோவுக்காகவா இவ்வளவு என்று கேட்பாய். ரேடியோவோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இனி நான்காவது.

பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருவதற்கு முன்னால் நீ முன்சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்தாய். பக்கச்சுவரில் பாசி அப்படியே இருந்தது. அவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள் என்றாய். அவர்கள் வந்த அன்று உன் அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை, தலைவலி என்று சொல்லப்பட்டது. காப்பித் தட்டை உன் சித்தி கொண்டுவந்தாள். நிச்சயதார்த்தத்துக்கு முந்திய நாள் உன் அம்மா ஒரு பையை எடுத்துக்கொண்டு நெய்யூருக்கு, உன் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். நீதான் ஆட்டோ பிடித்து வந்தாய். பெரியம்மாவுக்குச் சுகமில்லை, அம்மா துணைக்குப் போயிருக்கிறாள் என்று மண்டபத்தில் எல்லோரிடமும் நீ சொன்னாய். கேட்டவர்களிடம் நானும் அதையே சொன்னேன். உன் பெரியம்மா அன்று ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்திருப்பாள்; அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. தட்டு மாற்றும் நேரம் வந்தது. அந்தப் பக்கம் உன் மாமனாரும் மாமியாரும் சேர்ந்து தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நம் பக்கம் பெற்றவள் இல்லாமல் நான் ஒற்றையாகப் போய் நிற்பது முறையில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். உன் சித்தப்பாவும் சித்தியும் போய் நின்றார்கள். உன் கல்யாணத்தை உறுதி செய்தது அவர்கள். நான் மூன்றாவது வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

கல்யாணத்துக்கு அவளைக் கூட்டிவந்தாய். பெற்றவள் இல்லாமல் கல்யாணம் நடத்த முடியாது என்பதால். அகலக்கரைப் பட்டு எடுத்துக் கொடுத்து, முந்தானையைக் கைமேல் போட்டுக்கொள்ளச் சொன்னாய். ஆல்பம் வந்ததும் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன், எனக்குத்தான் எதையும் முறையாகப் பார்க்கும் வழக்கமாயிற்றே. உன் அம்மா இருக்கிற எல்லாப் படங்களும் தோளோடு முடிகின்றன. அவளுடைய கைகள் ஒரு படத்திலும் இல்லை. அவளும் என் கூட உட்கார்ந்து பார்த்தாள். படங்கள் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு என்றாள்.

உதிர்ந்த எழுத்தை எழுதிக் கொடுத்த கை அது என்று உன் மனைவிக்குத் தெரியுமா? அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்த ஒருநாள், அத்தைக்கு ஏன் கை இப்படி என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். முகத்தில் அருவருப்பு இல்லை, கவலைதான் இருந்தது. வயதாகிறதல்லவா என்று நான் பூசி மெழுகினேன். அதையும் உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம் போலிருக்கிறது, ஆனால் எனக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

உனக்கு நான் சொல்ல நினைக்கும் அறிவுரை எல்லாம் தாமதமானது. இருந்தாலும் தகப்பன் எழுதுகிற கடிதத்தில் அது இல்லாமல் இருக்காது. வாங்குகிறவனிடம், இது உரிந்தது, இது வெளுத்தது, இது பாடாது என்று சொல்லிவிட்டு விற்றால் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் அவன் குமிழைத் திருப்பும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்காது. வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அப்படியே. பாசி பிடித்த சுவர் நமக்கு உண்டு என்று தெரிந்துகொண்டு அவர்கள் பெண் கொடுத்திருந்தால், இன்று நீ அந்த வீட்டுக்குப் பின்பக்கம் தனி வாசல் வைக்க வேண்டியிருக்காது. ஒரு முறை மறைத்ததை வாழ்நாள் முழுவதும் மறைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஓய்வு வயது இல்லை.

ஐந்தாவது. நாங்கள் வரவில்லை. இங்கே உன் அம்மாவின் கை எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீடுகளில் அவளுக்கு அரை டம்ளர்தான் ஊற்றுகிறார்கள், சிந்தாது. யாரும் அதை ஒரு பேச்சாக்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் நாமம் இட்டுக்கொள்ளக் கை நிற்காவிட்டால், அடுத்து நிற்கிறவள் யாரோ அவள் நெற்றியில் இட்டுவிட்டு, "எக்கா, இன்னைக்கு என் கையும் சேந்து ஆடுது, கோணினா எனக்குச் சொல்லப்பிடாது" என்பாள். உன் அம்மா சிரிப்பாள். அங்கே வந்தால், முன்வாசலில் ஆள் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கும். யாரும் சாத்தச் சொல்லமாட்டீர்கள். அவளாகவே சாத்திக்கொள்வாள். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே அந்த அறையை நீ உன் முகப்புகளை அடுக்கி வைக்க எடுத்துக்கொள்.

இதுவரை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனேன். உன் அம்மா வந்து, இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாததை யாராவது இத்தனை பக்கம் எழுதுவார்களா என்றாள். அவளால் இப்போது தாளைப் பிடித்துப் படிக்க முடியாது, எழுத்து ஆடும். வாசிக்கச் சொன்னாள். மறுக்க வழி தெரியாமல் முதலிலிருந்து வாசித்தேன். ரேடியோ பற்றிய இடங்களில், அந்த ஸ்ப்ரே மணத்துக்குத் தனக்குத் தும்மல் வரும் என்று இடையில் சொன்னாள். நான்காவது முடிந்ததும் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கேட்டியளா, அது அப்பிடி இல்ல. நெய்யூருக்குப் போறேன்னு அவன்கிட்ட நானாக்கும் சொன்னது. தட்டுல தேங்காயும் பழமும் இருக்கும்லா. எனக்க கையிலருந்து அது உருண்டு விழுந்தா, அந்தச் சபையில என்னெல்லாம் சொல்லுவாவ? பிள்ளைக்க கல்யாணம்லா."

நான் பேனாவை மூடி வைத்தேன். பிறகு, அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்குத் தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா என்றும் கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

"சொல்லாம உங்களுக்குத் தெரியாதாக்கும்? பையத் தூக்கிட்டு நடையில நிக்கேன். அவனும் நிக்கான், நீங்களும் நிக்கிய. ஒருத்தராவது, வேண்டாம், நில்லுன்னு சொல்லுவியன்னு பாத்தேன். ஆட்டோக்காரன்தான், எம்மா ஏறுங்கன்னான்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் ஏதோ வைத்திருப்பவள் மாதிரி அவசரமாகச் சொன்னாள். "தட்டுக்க ஒரு ஓரத்த நீங்க பிடிச்சிருந்தா போதும்லா. ஆடினா ரெண்டு பேருமா ஆடியிருப்போம்."

பிறகு ஐந்தாவதையும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். எங்கள் இருவருக்குமாகச் சேர்த்து வரவில்லை என்று எழுத என்னிடம் யார் சொன்னார்கள் என்று கேட்டாள். நான் தாளை மடித்தேன். அவள் உனக்குச் சொல்லச் சொன்னதை எழுதுகிறேன். அறையைப் பற்றியும் வாசலைப் பற்றியும் அவளுக்கு ஒன்றும் இல்லையாம். ஆனால் போனில் கூப்பிட்டால் வரமாட்டாளாம். நீ வர வேண்டும். உன் மாமனாரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவர்கள் முன்னால் அவளைக் கூப்பிட வேண்டும். அவர்களுக்கு அவளே காப்பி கொண்டுவந்து கொடுப்பாளாம். "சிந்தினா சிந்தட்டு" என்றாள்.

என்றைக்கு வருகிறாய் என்று எழுது. வராவிட்டால் அதையும் எழுது. அவள் கேட்கும்போது நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

முழுவதையும் திரும்ப எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் என் பங்கைச் சீராக்கிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது, அதனால் மேலே இருப்பதை அப்படியே விடுகிறேன். நான்காவது தவறு. அது உன் முடிவு அல்ல. அவள் போகிறேன் என்றாள், நீ ஆட்டோ பிடித்தாய், நான் நடையில் நின்றேன். மூன்று பேரும் சேர்ந்து செய்த அந்தக் காரியத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா